கண்மாயில் தூண்டில் போடுவது எப்படி: தண்ணீரைப் பார்ப்பது முதல் மீனைக் கரை சேர்ப்பது வரை

புது ராடும் ரீலும் வாங்கிய மாதத்தில் ஏழு முறை எங்கள் ஊர்க் கண்மாய்க்குப் போனேன். ஏழு முறையும் வெறும் வாளியோடு திரும்பினேன். எட்டாம் முறை போனபோது, மடைக்குப் பக்கத்தில் மூங்கில் கம்போடு உட்கார்ந்திருந்த பெரியவர் அன்று காலைக்குள் ஒன்பது ஜிலேபிக் கெண்டைகளைக் கரையேற்றியிருந்தார். அவரிடம் ரீல் கிடையாது. அவருடைய தக்கை, பழைய ரப்பர் செருப்பிலிருந்து வெட்டிய ஒரு துண்டு. என் தூண்டில் முள்ளும் அவருடையதும் ஒரே கடையில் வாங்கியவை. சற்று நேரம் என்னைப் பார்த்துவிட்டு, "தம்பி, வெயில் உன் முதுகில் அடிக்கிறது. நிழல் எங்கே விழுகிறது, பார்" என்றார். பார்த்தேன். என் தலையின் நிழல் தக்கையின் மேலேயே ஆடிக்கொண்டிருந்தது.

மீன் கிடைக்காமல் போவதற்குக் கருவி காரணமாக இருப்பது அபூர்வம். மீன் இல்லாத இடத்தில் போடுகிறோம். அல்லது இருக்கிற இடத்துக்குப் போய் நாமே அதை விரட்டிவிடுகிறோம். அதனால் கருவியைப் பின்னால் வைத்து, தண்ணீரை முன்னால் வைத்து எழுதுகிறேன். மதுரை, சிவகங்கைப் பக்கத்துக் கண்மாய்களை மனதில் வைத்தே இதைச் சொல்கிறேன் என்றாலும், வடமாவட்டத்து ஏரிக்கும் நெல்லைச் சீமைக் குளத்துக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

போகும் முன்

கண்மாய் ஊருக்குப் பொது; மீன் அப்படியல்ல. பல கண்மாய்களில் மீன்பாசி ஏலம் விடப்பட்டிருக்கும். ஏலம் எடுத்தவர் குஞ்சு வாங்கி விட்டு, காவல் போட்டு, அறுவடை வரை காத்திருப்பார். அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் தூண்டிலைத் தொட வேண்டும். "அண்ணே, தூண்டில்தான், வலை இல்லை. ஓரமாக உட்கார்ந்து போட்டுக்கொள்ளட்டுமா?" என்று கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். எந்த மூலையில் மீன் நிற்கிறது என்ற தகவலும் சேர்ந்து கிடைக்கும். பறவைகள் சரணாலயங்களாக அறிவிக்கப்பட்ட நீர்நிலைகளில், வேடந்தாங்கல், கூந்தன்குளம், வேட்டங்குடி போன்றவற்றில், தூண்டில் போடும் எண்ணமே வேண்டாம். கோயில் தெப்பக்குளத்துக்கும் அதே பேச்சுத்தான்.

கம்பை விரிக்காமல் கால் மணி நேரம்

கரைக்கு வந்ததும் சாமானை மரத்தடியில் வைத்துவிட்டு உட்காருங்கள். தண்ணீருக்கு மிக அருகே வேண்டாம், பத்தடி தள்ளி. மீன் உடலின் இருபக்கமும் ஓடும் பக்கக்கோடு மிக நுண்ணிய அதிர்வையும் உணரும். கரையில் தொம் தொம்மென்று நடந்தாலே ஓரத்து மீன்கள் உள்ளே போய்விடும். அமைதியாக இருந்தால் சில நிமிடங்களில் திரும்பி வரும். அப்போது தண்ணீர் தானாகவே பேசத் தொடங்கும்.

ஓர் இடத்தில் சிறு சிறு குமிழிகள் கொத்தாக எழுந்து மெல்ல நகர்கின்றனவா? அடியில் கெண்டை சேற்றைக் கிளறி மேய்கிறது. "கொப்" என்ற சத்தத்தோடு ஒரு வளையம் விரிந்து அடங்குகிறதா? அது விரால். விராலுக்குச் செவுள் மட்டும் போதாது. மேலே வந்து காற்றைக் குடித்தாக வேண்டும். அல்லி இலை காற்றில்லாமல் அசைந்தால் தண்டுக்கடியில் ஏதோ உரசுகிறது என்று பொருள். கரையோரத்து ஆழமற்ற தண்ணீரில் தட்டுத் தட்டாகக் குழிகள் தெரிந்தால், பெண் மீன் முட்டையிடுவதற்காக ஜிலேபிக் கெண்டையின் ஆண்கள் தோண்டியவை. குஞ்சு மீன்கள் திடீரென்று மழைத்துளி போலச் சிதறினால் கீழே வேட்டை நடக்கிறது.

கண்மாயின் வடிவத்தையும் படியுங்கள். பிறைபோல வளைந்த கரையை ஒட்டித்தான் ஆழம் அதிகம். கரை போட மண் எடுத்ததும் அங்கேதான், மடை இருப்பதும் அங்கேதான். எதிர்ப்பக்கம், உள்வாய், மெல்ல மெல்ல மேடாகிக் கோரையிலும் வயலிலும் முடியும். காலையிலும் மாலையிலும் மீன் மேட்டுத் தண்ணீருக்கு மேய வரும்; உச்சி வெயிலில் ஆழத்துக்கோ, தண்ணீருக்குள் நிற்கும் கருவேல மர நிழலுக்கோ போய்விடும். மடை திறந்து தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தால் இழுப்புக்குச் சற்று ஒதுங்கிய பக்கவாட்டில் மீன் நிற்கும்.

அடுத்தது காற்று. ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து அடிக்கும் காற்று, மிதக்கும் பூச்சியையும் பாசித்துகளையும் கிழக்குக் கரையில் கொண்டுபோய்ச் சேர்க்கும். முகத்தில் காற்று அடிக்கும் கரை உட்காரச் சிரமம், தூண்டில் வீசவும் சிரமம். அந்தச் சிரமத்துக்குத்தான் மீன் இருக்கிறது. அலை இல்லாத சொகுசான கரையில் நான் எத்தனையோ காலைகளை வீணாக்கியிருக்கிறேன்.

எந்த மாதம், எந்த நேரம்

ஐப்பசி, கார்த்திகையில் கண்மாய் நிரம்பும்போது தண்ணீர் கலங்கலாக இருக்கும். மீன் பரந்து கிடக்கும். வரத்துக்காலில் புதுத்தண்ணீர் இறங்கும்போது மீன்கள் எதிர்நீச்சலடித்து மேலே ஏறும். ஒரு மணி நேரத்தில் வாளி நிறையும் அளவுக்கு எளிதாகக் கிடைக்கும். நான் அங்கே போடுவதில்லை. ஏறுகிற மீன்களில் பெரும்பாலானவை சினை மீன்கள். அடுத்த ஆண்டுக்கான மீன் அந்த வாய்க்காலில்தான் ஏறிக்கொண்டிருக்கிறது.

தூண்டிலுக்கு நல்ல காலம் தை முதல் பங்குனி வரை. தண்ணீர் தெளிந்து, மெல்ல வற்றி, மீன் குறுகிய இடத்துக்கு வந்துவிடும். சித்திரை, வைகாசியில் ஊத்தாக் கூடையும் கச்சா வலையும் எடுத்துக்கொண்டு ஊரே இறங்கும் மீன்பிடித் திருவிழா வந்தால், அந்த ஆண்டு அந்தக் கண்மாயில் தூண்டிலுக்கு வேலை முடிந்தது.

நேரத்தைப் பற்றி ஒரு திருத்தம். விடியுமுன்பே போய்விட வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். விராலுக்கு அது சரி. பாசி அடர்ந்த தண்ணீரில் கெண்டைக்குச் சரியல்ல. இரவு முழுக்கப் பாசியும் செடிகளும் ஆக்சிஜனை எடுத்துக்கொள்வதால் விடியும் நேரத்தில்தான் தண்ணீரில் அது மிகக் குறைவு. கெண்டைகள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவது தெரிந்தால், அவை இரை தேடவில்லை, மூச்சுக்குத் தவிக்கின்றன. வெயில் ஏறி ஒரு மணி நேரம் ஆனதும் அதே மீன்கள் இரை எடுக்கும்.

கருவி

தொடங்குகிறவருக்கு 10 முதல் 12 அடி நீள மூங்கில் கம்பு போதும். நுனி வளைய வேண்டும், அடி வளையக்கூடாது. கம்பின் நீளத்துக்கே நைலான் நரம்பு; 0.25 முதல் 0.30 மி.மீ. தடிமன். கடையில் தூண்டில் முள்ளை எண் சொல்லித்தான் கேட்க வேண்டும். எண் கூடக்கூட முள் சிறிதாகும். ஜிலேபிக்கும் சின்னக் கெண்டைக்கும் 8 அல்லது 10. புதிதாக வருகிறவர்கள் செய்யும் முதல் தவறு பெரிய முள் வாங்குவது. சின்ன முள்ளில் பெரிய மீன் வரும். பெரிய முள்ளைச் சின்ன மீன் வாயில் வைக்கவே முடியாது.

வாங்கிய முள்ளைக் கட்டைவிரல் நகத்தின் மேல் மெல்ல இழுத்துப் பாருங்கள். கீறி நின்றால் கூர். வழுக்கினால் பொடிக்கல்லில் நான்கு இழுப்பு இழுக்க வேண்டும். முடிச்சுப் போடும்போது நரம்பைத் தன் மேலேயே ஐந்தாறு சுற்றுச் சுற்றி, இறுக்குவதற்கு முன் எச்சில் தொட்டு ஈரமாக்குங்கள். காய்ந்த நரம்பை வெடுக்கென்று இறுக்கினால் உரசும் சூட்டில் அந்த இடமே வலுவிழந்துவிடும். பெரிய மீன் அறுத்துக்கொண்டு போய்விட்டது என்று சொல்லும்போதெல்லாம் நரம்பின் நுனியைப் பாருங்கள். சுருண்டு முறுக்கியிருந்தால் முடிச்சு அவிழ்ந்திருக்கிறது. மீன் அறுக்கவில்லை.

தக்கையைச் சமன் செய்வது

எல்லாப் படிகளிலும் மிக அதிகமான மீனைக் கொண்டுவருவது இதுதான். இதைத்தான் யாரும் பொறுமையாகச் செய்வதில்லை.

சோளத்தட்டையின் உள்நெட்டியோ, செருப்பு ரப்பரோ, கடையில் விற்கும் தக்கையோ, எதுவானாலும் மெலிதாக இருக்க வேண்டும். முள்ளுக்கு அரை அடி மேலே ஈயத் துண்டுகளை ஒவ்வொன்றாகக் கடித்துப் பொருத்தாமல், குறட்டால் நசுக்கிப் பொருத்துங்கள்; ஈயம் வாய்க்குள் போகக்கூடாது. தக்கையின் நுனி அரை விரலளவு மட்டும் தண்ணீருக்கு மேல் தெரியும்வரை ஈயத்தைச் சேர்த்துக்கொண்டே போங்கள். முக்கால்வாசி வெளியே மிதக்கும் தக்கையை உள்ளே இழுக்க மீன் பலம் கொடுக்க வேண்டும். அந்தக் கனத்தை உணர்ந்ததும் துப்பிவிடும். உங்களுக்குத் தெரிவதெல்லாம் ஒரு சின்ன நடுக்கம் மட்டும்.

பிறகு ஆழம். முள்ளில் தற்காலிகமாக ஒரு பெரிய ஈயக்குண்டை மாட்டி, போடப்போகும் இடத்தில் நேராக இறக்குங்கள். தக்கை முழுகிப் போனால் நரம்பு போதவில்லை, தக்கையை மேலே ஏற்றுங்கள். தக்கை படுத்துக் கிடந்தால் நரம்பு அதிகம், கீழே இறக்குங்கள். நுனி மட்டும் நிமிர்ந்து நின்றால் அதுதான் அந்த இடத்தின் ஆழம். குண்டைக் கழற்றிவிட்டு, என்ன மீன் வேண்டுமோ அதற்கேற்ப மாற்றிக்கொள்ளலாம். கட்லாவின் வாய் மேல்நோக்கி இருக்கும். அது மேல் தண்ணீர் மீன். ரோகு இடைமட்டத்தில் மேயும். மிர்காலின் வாய் கீழ்நோக்கியது. இரை தரையைத் தொட்டால்தான் எடுக்கும். மீனின் வாயைப் பார்த்தாலே தக்கையை எங்கே வைப்பது என்று தெரிந்துவிடும்.

இரை

மண்புழுவை எடுக்காத மீன் குறைவு. வாழைத்தோப்பு ஈரமண்ணில் தோண்டி, அதே மண்ணோடு சிரட்டையில் வைத்து, நிழலில் மூடி வையுங்கள். வெயிலில் வைத்த புழு அரை மணியில் குழைந்துவிடும். முழுப் புழுவையும் உருண்டையாகக் கோக்காமல், முள்ளின் வளைவை மூடிவிட்டு ஒரு சின்ன வால் துடிக்கும்படி விடுங்கள்.

கெண்டைக்குக் கோதுமை மாவும் வறுத்த தவிடும் கடலைப் புண்ணாக்குப் பொடியும் சேர்த்துப் பிசைந்த உருண்டை. பதம் காது மடல் போல இருக்க வேண்டும். அதைவிட இளகினால் வீசும்போதே உதிர்ந்துவிடும். அதைவிட இறுகினால் சுண்டும்போது முள் அதைத் துளைத்துக்கொண்டு வெளியே வராது. பிசையும்போது ஒரு சிட்டிகை பஞ்சைப் பிய்த்துக் கலந்தால் முள்ளில் நின்று பிடிக்கும். ஜிலேபி மட்டும்தான் வேண்டும் என்றால் அந்தக் கண்மாயிலேயே படிக்கல்லில் படர்ந்திருக்கும் பச்சைப்பாசியைச் சுற்றிப் போடுங்கள். அது அன்றாடம் தின்னும் சாப்பாடு.

உட்காரும் இடத்தில் ஊறவைத்த புண்ணாக்கைக் களிமண்ணோடு உருட்டி எலுமிச்சை அளவில் நான்கைந்து உருண்டைகள் போட்டு வையுங்கள். வாசனைக்கு மீன் கூடும். அதற்குமேல் வேண்டாம். வயிறு நிறைந்த மீன் முள்ளைத் தேடி வராது.

சுண்டி இழுக்கும் நொடி

தக்கை படபடவென்று நடுங்கினால் கையை அசைக்காதீர்கள். சின்ன மீன்கள் கொத்துகின்றன, அல்லது ஜிலேபி ருசி பார்க்கிறது. தக்கை சாய்வாக நகரத் தொடங்கினாலோ, மெல்ல உள்ளே இறங்கினாலோ அதுதான் நேரம். மிர்கால் வேறு மாதிரி. தரையிலிருந்து இரையோடு ஈயத்தையும் சேர்த்துத் தூக்குவதால் தக்கை முழுகாமல் மேலே எழும்பிப் படுத்துவிடும். முழுகட்டும் என்று காத்திருந்தால் ஏமாந்துவிடுவீர்கள். படுத்த நொடியிலேயே சுண்டுங்கள்.

சுண்டுவது மணிக்கட்டில் நடக்க வேண்டும், தோளில் அல்ல. ஒரு சாண் தூக்கல் போதும். தலைக்கு மேல் வீசி இழுத்தால் சின்ன மீனின் உதடு கிழியும், பெரிய மீன் என்றால் நரம்பு போகும்.

விரால்

விராலுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். தூண்டில்காரனைச் சோதித்துப் பார்க்க இதைவிட நல்ல மீன் நம் கண்மாயில் இல்லை. முள்ளை விழுங்கிய வரால் ஆம்பல் இலை கிழிய, குவளைப் பூ சிதறப் பாய்ந்து, இழுக்க இழுக்க வராமல் கயிறு கட்டிய முரட்டுக் காளைபோல மல்லுக்கு நின்ற காட்சி சங்கப் பாட்டிலேயே இருக்கிறது. இன்றும் அப்படித்தான்.

இதற்கு ராடும் ரீலும் வேண்டும். 30 முதல் 40 பவுண்டு தாங்கும் பின்னல் நூல், ஏழடிக் கெட்டி ராடு, ரப்பர் தவளை. உயிர்த்தவளை தேடி வயலில் அலைய வேண்டாம். ஏற்கெனவே அவை குறைந்துவிட்டன. ரப்பர் தவளையின் இரண்டு முட்களும் முதுகோடு ஒட்டியிருப்பதால் இலைகளில் சிக்காமல் வழுக்கிக்கொண்டு வரும். அல்லிப் படர்வுக்கு அப்பால் வீசி, இலைகளின் மேலேயே இழுத்து வந்து, இலைகளுக்கு நடுவே வெற்றுத் தண்ணீர் தெரியும் துளையில் நிறுத்துங்கள். ஐந்து எண்ணுங்கள். ராடின் நுனியை ஒரு விரற்கடை அசைத்துவிட்டு மறுபடி நிறுத்துங்கள். அடி விழுவது பெரும்பாலும் நின்றிருக்கும்போதுதான்.

தண்ணீர் வெடிக்கும் சத்தத்துக்குக் கை தானாகவே சுண்டும். அதைத்தான் அடக்கப் பழக வேண்டும். விரால் முதலில் அடிக்கும், பிறகுதான் வாய்க்குள் திருப்பும். நூல் இறுகி மீனின் கனம் கையில் தெரிந்த பிறகு, ஓங்கிச் சுண்டுங்கள். சுண்டியபின் ஒரு முழம்கூட விட்டுக்கொடுக்காதீர்கள். தண்டுக்குள் புகுந்துவிட்டால் மீன் அங்கேயே நின்றுகொள்ளும்.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள். மழைக்காலத்தில் தண்ணீரின் மேல் செங்கல் நிறத்தில் ஒரு திட்டு, அகலம் ஒரு முறம் அளவு இருக்கும், நடுங்கிக்கொண்டே நகர்வதைப் பார்ப்பீர்கள். அருகே போனால் அது நூற்றுக்கணக்கான விரால் குஞ்சுகள் என்று தெரியும். ஒன்று மூச்சுக்கு மேலே வரும், ஒன்று இறங்கும். திட்டு முழுவதும் கொதிக்கும் அரிசி போல இருக்கும். அதற்கு நேர்க் கீழே தாயோ தகப்பனோ காவலுக்கு நிற்கும். அந்தத் திட்டின் மேல் தவளையை இழுத்தால் உறுதியாக அடி விழும். பசியில் அல்ல, குஞ்சைக் காக்க. விவரம் தெரியாத காலத்தில் ஒரு முறை அப்படிப் பிடித்தேன். மீனைச் சாக்கில் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது திட்டைச் சுற்றிலும் தண்ணீர் தெறித்துக்கொண்டிருந்தது. கெளுத்தியும் மற்ற மீன்களும் குஞ்சுகளைத் தின்றுகொண்டிருந்தன. சற்று நேரத்தில் அந்த நிறமே தண்ணீரில் இல்லை. அதன்பின் அப்படிப் பிடித்ததில்லை. யார் பிடிக்கப் பார்த்தாலும் போய்ச் சொல்லிவிடுகிறேன்.

கரை சேர்ப்பதும் விடுவதும்

கட்லா, ரோகு திறந்த தண்ணீரில் ஓடும் மீன்கள். விராலுக்குச் சொன்னதற்கு நேர்மாறாக ஓட விட வேண்டும். ரீலில் நரம்பு ஓடும் இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் பிடித்திருகை, நரம்பு தாங்கும் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு இழுத்தால் சுழலும்படி முன்பே வைத்துக்கொள்ளுங்கள். மீன் ஓடும்போது ரீலைச் சுற்றாதீர்கள்; நின்றதும் சுற்றுங்கள். கரைக்கு அருகே வந்ததும் வலையால் மீனைத் துரத்தக்கூடாது. வலையைத் தண்ணீருக்குள் அமிழ்த்திப் பிடித்து, மீனின் தலையை அதற்கு மேல் கொண்டுவந்து தூக்குங்கள்.

சின்ன மீனை விட்டுவிடுவதாக இருந்தால் கையை நனைத்துக்கொண்டு பிடியுங்கள். காய்ந்த கை மேலே உள்ள வழுவழுப்பை உரித்துவிடும். பிறகு அங்கே பூஞ்சை பிடிக்கும். முள்ளின் கூருக்குப் பின்னால் எதிர்ப்பக்கம் நீட்டியிருக்கும் சிறு நாக்கைக் குறட்டால் நசுக்கிவிட்டால் கழற்றுவது நொடி வேலை. தொண்டைக்குள் போய்விட்டால் தோண்டாமல் நரம்பை ஒட்ட நறுக்கிவிடுங்கள். ஜிலேபியை மட்டும் நான் விடுவதில்லை. 1952இல் வெளிநாட்டிலிருந்து இந்தியாவுக்கு வந்த மீன் அது. நாட்டு மீன்களின் இடத்தை நெருக்கிவிட்டது.

உடம்பைக் காத்துக்கொள்ள

கெளுத்தியின் முதுகில் ஒன்றும் பக்கத் துடுப்புகளில் இரண்டுமாக மூன்று முட்கள் உண்டு. துடுப்புகளுக்குப் பின்னாலிருந்து விரல்களைக் கொடுத்துப் பிடிக்க வேண்டும். தேளி மீனின் முள்ளில் விஷமே இருக்கிறது. குத்திவிட்டால் பொறுக்கக்கூடிய சூட்டில், ஏறத்தாழ 45 டிகிரியைத் தாண்டாமல், வெந்நீரில் கையை அரை மணி நேரத்துக்குக் குறையாமல் அமிழ்த்தி வையுங்கள், வலி தணியும். வீக்கம் ஏறினாலோ முள் ஒடிந்து உள்ளே நின்றாலோ மருத்துவரிடம் போங்கள்.

வண்டல் எடுத்த கண்மாயில் முழங்கால் தண்ணீருக்கு அடுத்த அடியிலேயே இரண்டாள் ஆழப் பள்ளம் இருக்கலாம். சிக்கிய முள்ளை எடுக்க இறங்காதீர்கள். ஒரு முள்ளின் விலை சில ரூபாய்தான். கார்பன் ராடு மின்சாரத்தைக் கடத்தும். மின்கம்பிக்குக் கீழே வீசக்கூடாது, இடி மின்னல் தொடங்கினால் உடனே மடக்கிவிட வேண்டும். அணைக்குக் கீழே ஆற்றில் போடுகிறவர்கள் நடுத்திட்டுக்குப் போகவே கூடாது. தண்ணீர் திறந்துவிட்டால் திரும்பி வரும் வழி முழுகிவிடும்.

வீட்டுக்கு

விரால் ஈரச் சாக்கில் மணிக்கணக்கில் உயிரோடு இருக்கும். கெண்டையும் ஜிலேபியும் அப்படி இல்லை. கரையிலேயே குடலையும் செவுளையும் எடுத்து, ஐஸ் இருந்தால் அதில், இல்லாவிட்டால் நனைத்த துணியில் சுற்றி நிழலில் வையுங்கள். வற்றிய கண்மாய் மீனில் சேற்று வாடை வரும். சில வகைப் பாசிகளாலும் நுண்ணுயிர்களாலும் உண்டாகும் பொருள் மீனின் கொழுப்பில் தங்குவதே காரணம். வயிற்றுக்குள் ஒட்டியிருக்கும் கறுப்புத் தோலைச் சுரண்டி எடுத்து, கல்லுப்பும் புளிக்கரைசலும் போட்டுப் பிசறி, கால் மணி நேரம் கழித்து மூன்று தண்ணீர் விட்டு அலசுங்கள். வாடை பெரும்பாலும் போய்விடும். மிச்சம் இருப்பதைக் குழம்பில் ஊற்றும் புளி பார்த்துக்கொள்ளும்.